கரடி கைமாறியபோது

கரடியை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். பாட்டின் நடுவில் என் வீட்டுக்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பார்த்தார். டிரம்ஸ் வாசிக்கிறவர் நடுவில் நிறுத்தினால் மற்றவர்கள் இருட்டில் படி தவறியவர்கள் மாதிரி தடுமாறித்தான் நிற்க வேண்டும். நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம்.

"மச்சான், கரடியை வித்துட்டாங்களாம்" என்றார், என் அண்ணனைப் பார்த்து.

கரடி என்பது பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டி. விற்கப்பட்டது அதைச் செய்கிற கம்பெனி. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. முகப்புத் தகட்டில் ஒரு கரடித் தலை இருப்பதால் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் அது கரடிதான். அதன் சத்தமும் அந்த ஜாதிதான், அடித்தொண்டையிலிருந்து வரும். அண்ணன் வாசிக்க ஆரம்பித்த காலத்திலிருந்து கரடியைத் தவிர வேறு பெட்டியில் வயரைச் சொருகியதில்லை.

"யாருக்கு?" என்றான்.

"வாக்குவம் கிளீனர் செய்யறாங்களே, அவங்களுக்கு. வாஷிங் மெஷினும் செய்யறாங்க."

"அப்ப நல்லதுதானே, வாசிச்ச மாதிரியும் ஆச்சு, வீடு கூட்டின மாதிரியும் ஆச்சு" என்றேன் நான்.

அண்ணி மட்டும் சிரித்தாள். எங்கள் குழுவில் பாடுகிறவள் அவள்தான். அண்ணன் கிட்டாரைக் கழற்றித் தாங்கியில் வைத்துவிட்டு, தன் பழைய கரடியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டான். "முடிஞ்சுது" என்றான். "இனி அது கரடி இல்ல. தகரம்." அத்தோடு அன்றைய ஒத்திகை கலைந்தது.

எனக்கு இந்தப் பெட்டி பக்தியெல்லாம் கிடையாது. நான் கீபோர்டு வாசிக்கிறேன். என் கீபோர்டைச் செய்த கம்பெனியை யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அமுக்கினால் சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான். பேஸ்காரர்கள் வேறு பிறவி. போனில் அவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அந்த வாரம் முழுக்க அது இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. ஒருவர் தன் பெட்டிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் போட்டார். ஒருவர் இனி பிறக்கப்போகும் பேரனுக்கும் சேர்த்துப் பழைய சரக்காக இரண்டு வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். சொந்தமாகக் கரடியே வைத்திராத ஒருவர்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். அண்ணன் பக்கம் பக்கமாக எழுதினான். வாஷிங் மெஷின்காரனுக்குச் சங்கீதம் எங்கே தெரியும் என்று அவன் எழுதியதற்கு எக்கச்சக்கமான கைதட்டல்.

கண்பட்டதோ என்னவோ, சில வாரங்களிலேயே அவனுடைய கரடி செத்துப்போனது. ஒரு கம்பெனி விழாவுக்குத் திறந்தவெளி மேடையில் வாசித்தோம். மழை வந்தது. எல்லாரும் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கரடியை ஒருவரால் தூக்க முடியாது. என் வீட்டுக்காரர் டிரம்ஸை விட்டுவிட்டு வருவதற்குள் அது நன்றாகக் குடித்துவிட்டது. பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அண்ணன் புதிதாக வாங்கினான். பழைய கரடி தேடினான், கிடைக்கவில்லை. கிடைத்தவற்றையெல்லாம் மற்ற பேஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கடையில் இருந்த பெட்டியின் முகப்பில் கரடித் தலை இல்லை. அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் ஒரு கோடு. இப்போது இப்படித்தான் வருகிறது என்று கடைக்காரர் சொன்னாராம். பிடிக்காத இடத்தில் பெண் எடுத்தவன் முகத்தோடு அண்ணன் அதை ஒத்திகை அறைக்குக் கொண்டுவந்தான்.

எங்கள் ஒத்திகை அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. ரப்பர் வாடை எப்போதும் இருக்கும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: ஒருவர் பெட்டியின் நாபை, அதாவது சத்தத்தைத் திருகும் குமிழை, இன்னொருவர் தொடக் கூடாது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் வாயால் சொல்லலாம். கையை நீட்டக் கூடாது. எனக்குக் கல்யாணமான புதிதில் இது தெரியாமல் என் வீட்டுக்காரர் அண்ணனின் பெட்டியில் ஒரு நாபைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதையே நிறுத்திவிட்டான். பல் தேய்க்கிற பிரஷை எடுத்த மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னான். அதன் பிறகு நாங்கள் நான்கு பேரும் அதை மீறாமல்தான் இருந்தோம்.

புதுப் பெட்டியில் வாசித்த முதல் நாளே அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "டிக் வரல" என்றான்.

பேஸ் என்றால் வெறும் "டும்" இல்லை. விரல் கம்பியை விட்டுக் கிளம்பும்போது சன்னமாக ஒரு "டிக்" கேட்கும். அந்த டிக்கில்தான் தாளம் உட்காரும். அண்ணனின் டிக் எங்கள் ஊர் வட்டத்தில் பேர்போனது. மற்ற பேஸ்காரர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"வெறும் டும்தான் வருது, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கற மாதிரி. பாத்தீங்களா புது ஓனர் லட்சணத்தை?" என்றான்.

"ஆமா, என்னமோ ஆகிப்போச்சு. எனக்கும் தலையை வலிக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. டிக் இல்லை அது, ஆணியால் தகரத்தில் கீறுகிற சத்தம். பெட்டி சும்மா இருக்கும்போதுகூட "ஸ்ஸ்" என்று இரைந்துகொண்டே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகத் தலையாட்டி வாஷிங் மெஷின்காரனைத் திட்டினோம். அண்ணன் ஒன்று சொல்கிறான், நாங்கள் மூவரும் அதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறோம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. திட்டுவதற்கு ஆள் தயாராக இருந்தால் யோசிக்கத் தோன்றாது போலிருக்கிறது.

சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் ஹாலில் வாசிக்கிறோம். மேனேஜர் நல்ல மனிதர், குறை சொல்லவே கூச்சப்படுவார். அவரே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சாப்பிடறவங்க எழுந்து போறாங்கம்மா, அந்தப் பெரிய கிட்டாரைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் அதை அண்ணனிடம் பூப்போலச் சொன்னேன். பூப்போலச் சொல்வது எனக்கு வராத வேலை. அவனும் வழக்கம்போல எகிறவில்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது.

"இந்த மாசக் கடைசியோட நான் நிறுத்திக்கறேன்" என்றான். "வேற ஆள் பாத்துக்கங்க."

"ஒரு பெட்டிக்காகவா?"

"என் சத்தம் எனக்கே கேக்கல. கேக்காம வாசிக்கறது கூலிக்கு மாரடிக்கற வேலை. என்னால முடியாது."

அவன் சொன்னால் செய்கிறவன். பகலில் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். அங்கே அவன் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவன் பேசுவதெல்லாம் அந்த நான்கு கம்பிகளில்தான். அதையும் நிறுத்திவிட்டால் என் அண்ணன் என்ன ஆவான்? வீட்டிலும் நிலைமை சரியில்லை. நீ வார்த்தையை முழுங்குகிறாய், முன்பு மாதிரி தெளிவாகப் பாடுவதில்லை என்று அண்ணியைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் என்னிடம் வந்து குமுறினாள். "நான் பாடறது பிடிக்கல, பேசறதும் பிடிக்கல. பக்கத்துல மைக்ரோவேவ் கத்துது, எழுந்து நிறுத்தறதில்ல. நான்தான் அடுத்த ரூம்ல இருந்து ஓடி வரணும். என்மேல என்ன கோவமோ" என்றாள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுப்போம், இல்லையென்றால் பழுது பார்ப்போம், எதுவும் செய்யாமல் மூட்டை கட்டக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஒரு மாலை நான்கு பேரும் சேர்ந்து அதை வண்டியில் ஏற்றிப் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனோம்.

அவரை எல்லாரும் வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முழுக்கக் கரடிகள், முதுகைத் திறந்து போட்டபடி. கம்பெனி கைமாறியதில் அண்ணனுக்கு அடுத்தபடியாகத் துக்கம் கொண்டாடியவர் அவர்தான். முகப்பில் இருந்த பொத்தானைப் பார்த்ததுமே மூக்கைச் சுளித்தார்.

"இதைத் திறக்கவே வேண்டாம், உள்ள என்ன இருக்கும்னு நான் இப்பவே சொல்றேன். எல்லாம் பிளாஸ்டிக்கா இருக்கும். பழைய ஃபாக்டரில வயரையெல்லாம் மெழுகு நூலால கட்டுவாங்க. ஒவ்வொரு முடிச்சும் கையால போட்டது. இவங்க பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இறுக்கிவிட்டுடறாங்க. நீங்களே பாருங்க" என்று திருப்புளியை எடுத்தார்.

திறந்தார். விளக்கை இழுத்துக் கிட்டே வைத்துக்கொண்டு குனிந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தார்.

உள்ளே வயர்கள் கொத்துக் கொத்தாக, மஞ்சள் நிற மெழுகு நூலால் கட்டப்பட்டிருந்தன. அழகான சின்னச் சின்ன முடிச்சுகள்.

"இது பழைய ஃபாக்டரிது" என்றார் வைத்தியர். குரலே இறங்கிவிட்டது. "விக்கறதுக்கு முன்னாடி செஞ்சது. கிடங்குல தேங்கிக் கிடந்திருக்கும். வாங்கினவங்க வெளித்தகட்டை மட்டும் மாத்தி அனுப்பியிருக்காங்க. அசல் கரடி இது, தம்பி."

"அப்ப ஏதாவது ரிப்பேரா இருக்கும்" என்றான் அண்ணன்.

வைத்தியர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதுவும் ரிப்பேர் இல்லை. பெட்டியை மூடி, கடையில் இருந்த ஒரு கிட்டாரைச் சொருகி ஒரு கம்பியை மீட்டினார். நாங்கள் மூவரும் முகத்தைச் சுளித்தோம். அவரும் சுளித்தார். முகப்பைப் பார்த்தார்.

"மேல் சத்தத்துக்கான இந்தக் கீச்சு நாபை யாரு இப்படிக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சது?"

"நான்தான். அவ்வளவு வச்சும் டிக் வரமாட்டேங்குது, பாருங்க."

வைத்தியர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கம்பியின் சத்தம் அடங்கி, பெட்டி மட்டும் "ஸ்ஸ்" என்று இரைந்துகொண்டிருந்தது, கொதிக்கிற கெட்டில் மாதிரி.

அண்ணிதான் கேட்டாள். மெதுவாக, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "இந்த இரைச்சல் உங்களுக்குக் கேக்குதா?"

"எந்த இரைச்சல்?" என்றான் அண்ணன்.

அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தான். முதலில் ஒரு காது, பிறகு மறு காது. நிமிர்ந்தபோது அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"பழைய பெட்டில டிக் கேட்டுதே" என்றான், சின்னப் பையன் மாதிரி.

"அதுல இந்தக் கீச்சு ஸ்பீக்கர் செத்து ரொம்ப நாள் ஆச்சு, தம்பி. நான்தான் சொன்னேனே, நீங்க பரவாயில்ல விடுங்கன்னீங்க. அதுல நாபை எவ்வளவு திருப்பினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் வைத்தியர். அப்படியென்றால் பழைய பெட்டியில் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்ததில் பாதி, ஞாபகம்.

அண்ணி கடை என்றும் பாராமல் அழுதாள். "என்மேலதான் கோவம்னு நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணன் அவள் தலையில் கைவைத்தபடி நின்றான். வைத்தியர் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார வைத்துச் சோதித்தார். கீழ்ச் சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது. மேல் சத்தம் பெரும்பாலும் போய்விட்டது, இடது காதில் இன்னும் மோசம். அச்சக மெஷினும் மேடையும் சேர்ந்து செய்த வேலை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். காதில் வைக்கக் கருவி எழுதிக் கொடுத்தார். பேச்சு புரியும், ஆனால் பாட்டு அதில் பாட்டு மாதிரி கேட்காது என்றும் சொன்னார். மேடையில் அதைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் குறைக்கும் அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டால் தாராளமாக வாசிக்கலாமாம்.

இடது பக்கம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. மேடையில் அவருடைய டிரம்ஸின் பெரிய வெண்கலத் தட்டு, அந்தச் சிம்பல், அண்ணனின் இடது காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், எத்தனையோ வருஷமாக. "என் சிம்பல்தான் மச்சான்" என்றார். "உங்க சிம்பல் பக்கத்துல நானும்தான் நின்னேன், நகர்ந்து நிக்கத் தெரியாமலா இருந்தேன்?" என்றான் அண்ணன்.

அதன் பிறகு அவன் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாங்கள் மூவரும் பேஸ் இல்லாமல் வாசித்துப் பார்த்தோம். நாற்காலியில் ஒரு கால் இல்லாத மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சிம்பலை மறுபக்கம் மாற்றி வைத்து, கை பழகாமல் திணறிக்கொண்டிருந்தார். வேறு ஆள் பார்க்கச் சொல்லி அண்ணன் இரண்டு பெயர் அனுப்பினான். நான் அந்தச் செய்தியைத் திறந்து பார்த்துவிட்டு, அழித்துவிட்டு, அவனுக்குப் போன் போட்டுக் கண்டபடி திட்டினேன். கடைசியில் அழுதுவிட்டேன். "உன் டிக் இல்லாம எனக்கு வாசிக்க வரல" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

மறுவாரம் ஒத்திகைக்கு நாங்கள் மாடியேறியபோது அவன் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். கிட்டார் மடியில் இருந்தது. காதில் கருவி இருந்தது. முகத்தில் பழைய விறைப்பு கொஞ்சம் இருந்தது.

"குழுவுல போட்டுட்டேன்" என்றான். "அவ்வளவு திட்டி எழுதினவன் நான். புதுத் தகடு போட்டு வர்ற பெட்டியை நான் திறந்து பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு, பாக்காம திட்டினது என் தப்புன்னு எழுதிட்டேன்."

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டபடி என் வீட்டுக்காரர் அண்ணனின் போனை எடுத்தார். பார்த்தார். சட்டென்று கவிழ்த்து வைக்கப் போனார்.

"படிங்க மச்சான்."

"அது வந்து..."

"படிங்கன்னா."

"வாஷிங் மெஷின்காரன்கிட்ட நீ எவ்வளவு வாங்கினேன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. இன்னொருத்தர்..." அவர் தொண்டையைச் செருமினார். "இன்னொருத்தர், உனக்கெல்லாம் காது இருக்கான்னு கேட்டிருக்காரு."

கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பெட்டியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தான். முதலில் அண்ணிக்கும், பிறகு எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அடைப்பானைச் சொருகிக்கொண்டான். வயரைச் சொருகிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். "ஸ்ஸ்" என்று இரைந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"நீ வை" என்றான்.

"என்னது?"

"நாபு. இங்க வா, நீ வை."

எனக்குக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் மண்டியிட்டு, கடைசி வரைக்கும் திரும்பியிருந்த அந்தக் கீச்சு நாபைத் தொட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். அண்ணன் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தான். அவன் நாபைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆணிச் சத்தம் போனது. இரைச்சல் போனது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். அப்போது அது வந்தது. சன்னமாக, சுத்தமாக, அவன் விரல் கம்பியை விட்டுக் கிளம்பும் சத்தம். என் கண் கலங்கிவிட்டது.

"இதானா?" என்றான்.

"இதான்."

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"எனக்குத் தெரியுது" என்று உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னேன்.

அவன் தலையாட்டினான். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். குச்சியோடு குச்சியை டிக் டிக்கென்று தட்டித்தான் அவர் எப்போதும் பாட்டைத் தொடங்கிவைப்பார். அன்று தட்டவில்லை. இரண்டு கையையும் அண்ணனுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று எண்ணினார்.